செல் உயிரியல் தாள்: முதல் நாள் கொடுக்கும் விதித்தாளில் என்ன எழுதலாம்? (சேலம்)

வேர்நுனி

பி.எஸ்சி. விலங்கியல் முதலாண்டுக்குச் செல் உயிரியல் எடுக்கிறேன். முதல் வகுப்பிலேயே மாணவர் கையில் கொடுக்க ஒரு பக்க விதித்தாள் தயார் செய்துகொண்டிருக்கிறேன். வரைவு இதுதான்:

வாரம் 5 மணி நேரம் தியரி, 3 மணி நேரம் செய்முறை. அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. அந்த 25-இல் இரண்டு தேர்வுக்கு 15, அசைன்மென்ட் 5, வருகை 5. வருகை 75 விழுக்காடு கட்டாயம். தாமதமான அசைன்மென்ட் வாங்கப்படாது. மறுதேர்வு கிடையாது. ரெக்கார்ட் நோட்டு மாதக் கடைசியில் கையெழுத்துக்கு வர வேண்டும். லேப் கோட் கட்டாயம், செல்போன் தடை. பார்த்து எழுதினால் பூஜ்யம். அன்றன்றைய பாடத்தை அன்றன்றே படிக்கவும்.

வகுப்பில் சேலம் டவுன் பிள்ளைகள் உண்டு. வாழப்பாடி, ஓமலூர் பக்கமிருந்தும் ஏற்காட்டு மலைக்கிராமங்களிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்களும் உண்டு. ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கோரிமேட்டுக்காரர்

தாளின் பெயரை அடித்துவிட்டு வணிகக் கணிதம் என்று போட்டாலும் இதில் லேப் கோட்டைத் தவிர எதையும் மாற்ற வேண்டியிருக்காது. அதுதான் பெரிய ஓட்டை. செல் உயிரியலில் எதற்கு மதிப்பெண் விழும், எதற்கு விழாது என்று மாணவனுக்கு இதைப் படித்துத் தெரியவில்லையே.

"அன்றன்றே படிக்கவும்" என்ற வரியை எடுத்துவிட்டு, அலகுக்கு இரண்டு வரி போடுங்கள்: வகுப்புக்கு வருமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும், அலகு முடிந்தபின் என்ன செய்யத் தெரிய வேண்டும். சவ்வு அலகு என்றால், வருமுன் பாஸ்போலிப்பிடின் தலையும் வாலும் வரையத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்தபின் ஆக்சிஜன், குளுக்கோஸ், சோடியம் அயனி மூன்றையும் கொடுத்தால், எது தானாக நுழையும், எதற்குப் புரதத்தின் துணை வேண்டும், எதைச் செறிவுக்கு எதிராகத் தள்ள ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவாகும் என்று காரணத்தோடு எழுத வேண்டும். சிங்கரும் நிக்கல்சனும் பாய்ம மொசைக் மாதிரியைச் சொன்ன ஆண்டு 1972 என்பது ஒரு மதிப்பெண்ணுக்கு உதவும், அவ்வளவுதான். சோடியம்-பொட்டாசியம் பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது என்று எல்லாரும் எழுதுவார்கள். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நேர்மின்சுமை கூடுதலாக வெளியே போகிறது என்று எழுதினால்தான் முழு மதிப்பெண் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரைபோசோமுக்கும் இப்படித்தான். 50எஸ், 30எஸ் என்ற இரண்டு துணை அலகும் சேர்ந்தால் ஏன் 80 ஆகாமல் 70எஸ் ஆகிறது? எஸ் என்பது எடை அல்ல, சுழற்றும்போது படியும் வேகம். அது நிறையோடு வடிவத்தையும் பொறுத்தது, அதனால் கூட்டிப் போட முடியாது. இதை வாய்மொழியில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். (அந்த 30எஸ் துணை அலகின் அமைப்பைக் கண்டறிந்ததற்குத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. வகுப்பில் இதைச் சொன்னால் தூங்குகிறவனும் நிமிர்வான்.)

செல் சுழற்சியில் ஒரு கேள்வியை விதித்தாளிலேயே மாதிரியாக அச்சடியுங்கள். வெங்காயத்தின் இருமடிய எண் 16. எஸ் கட்டம் (டிஎன்ஏ நகலாகும் கட்டம்) முடிந்த செல்லில் குரோமோசோம் எத்தனை? 32 என்று எழுதுவார்கள். குரோமோசோம் 16-தான், குரோமாட்டிட் (ஒரு குரோமோசோமின் இரட்டை இழைகளில் ஒன்று) 32, டிஎன்ஏ அளவு இரட்டிப்பு. அனாஃபேஸில் சென்ட்ரோமியர் பிரிந்த பிறகுதான் ஒரே செல்லுக்குள் 32 குரோமோசோம் இருக்கும். இந்தத் தாளில் எதிர்பார்ப்பு என்ன என்பதை இந்த ஒரு கேள்வி காட்டிவிடும்.

தட்டுவடைசெட்

நான் விதிகள் பக்கம் வருகிறேன். "75 விழுக்காடு" என்று மட்டும் எழுதினால் சண்டைதான். எதில் 75? பருவத்துக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி என்று வைத்தால் மொத்தம் 450 மணி. 75 விழுக்காடு என்பது 338 மணி. இது எல்லாத் தாளையும் சேர்த்துப் போடும் கணக்கு. ஒருவன் 112 மணி நேரம் வராமல் இருக்கலாம். உங்கள் செய்முறை வகுப்பு வாரம் 3 மணி வீதம் 15 வாரத்துக்கு 45 மணி. ஒன்றுக்குக்கூட வராமல் இருந்தாலும் ஹால் டிக்கெட் வந்துவிடும். மைக்ரோஸ்கோப்பைத் தொட்டிருக்கவே மாட்டான்.

அதனால் செய்முறைக்குத் தனி வரி வேண்டும். "12 பயிற்சிகளில் குறைந்தது 10-ஐக் கையால் செய்திருக்க வேண்டும். தவறிய பயிற்சியை அடுத்த வாரத்துக்குள் மற்ற பேட்சோடு சேர்ந்து செய்யலாம். அதற்குப் பிறகு கிடையாது." என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு என்று ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்குகிறவர்களுக்கும் இதே விதி என்று சேர்த்து எழுதுங்கள். ஓ.டி. வருகைப்பதிவை நிரப்பும், பயிற்சியை நிரப்பாது.

75-க்குக் கீழே போனால் கன்டொனேஷன் கட்டணமா (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் பணம்), தேர்வு எழுத முடியாதா, பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டுமா என்பதெல்லாம் பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் இருக்கிறது. அந்தப் பத்தியை ஒரு எழுத்து மாறாமல் ஒட்டுங்கள். சொந்த வார்த்தையில் சுருக்கினால் பின்னால் அந்தச் சுருக்கத்தைக் காட்டியே பெற்றோர் வாதாடுவார்கள்.

"மறுதேர்வு கிடையாது" என்பது தாளில்தான் இருக்கும், நடைமுறையில் நிற்காது. காய்ச்சல் சீட்டு வரும், மாமா கல்யாணம் வரும், ஹெச்.ஓ.டி. மனம் இரங்குவார். மூன்று தேர்வு வைத்து நல்ல இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடல் தேர்வு, முழுப் பாடத்துக்கும். முதலிரண்டில் ஒன்றைத் தவறவிட்டவன் மாடலில் ஐந்து அலகையும் எழுதியாக வேண்டும், ஆகவே யாரும் சும்மா விடமாட்டார்கள். மருத்துவச் சான்றிதழ் உண்மையா என்று நீங்கள் ஆராய வேண்டிய வேலையும் மிச்சம்.

முதல் தேர்வுத் தேதியை ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா வாரத்தில் போடாதீர்கள். உள்ளூர் விடுமுறை வந்தால் தேர்வு தள்ளிப்போகும். சேர்க்கை இழுத்துக்கொண்டே போகும் வருடங்களில் தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் அலகு கையில் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அரியர்வேண்டாம்

வணக்கம் சார், மேடம். நான் ரெண்டாமாண்டு. ரெண்டு சந்தேகம் இருக்குங்க.

ஒண்ணு, ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை ஏடிபி? பள்ளியில 38, 36-னு படிச்சோம். கல்லூரி புக்குல 30, 32-னு இருக்கு. எதை எழுதினா மார்க்?

ரெண்டாவது, ரெக்கார்ட்ல பார்த்ததை வரைஞ்சா "என்ன இது கிறுக்கல்"னு திருப்பித் தர்றாங்க. சீனியர் நோட்டைப் பார்த்து அழகா வரைஞ்சா கையெழுத்து விழுது. விதித்தாள்ல "பார்த்து எழுதினால் பூஜ்யம்"னு போட்டா, ரெக்கார்டுக்கும் அது பொருந்துமாங்க?

கோரிமேட்டுக்காரர்

தம்பி, முதல் சந்தேகத்துக்குப் பதில். எண்ணை மட்டும் எழுதாதே, கணக்கோடு எழுது. எலக்ட்ரான் ஏந்தும் மூலக்கூறுகளில் ஒரு என்ஏடிஹெச்-க்கு 3 ஏடிபி, எஃப்ஏடிஹெச்2-க்கு 2 என்று முழு எண்ணாக வைத்தால் 38 வரும். இன்று ஏற்கப்பட்ட மதிப்பு 2.5, 1.5. அப்படிப் போட்டால்: கிளைக்காலிசிஸில் நேரடியாக 2, கிரெப்ஸ் சுழற்சியில் 2, பத்து என்ஏடிஹெச்-க்கு 25, இரண்டு எஃப்ஏடிஹெச்2-க்கு 3. மொத்தம் 32. சைட்டோசோலில் உண்டான இரண்டு என்ஏடிஹெச்-இன் எலக்ட்ரான்கள் கிளிசரால் பாஸ்பேட் ஷட்டில் வழியாக உள்ளே போனால் தலைக்கு 1.5 தான் கிடைக்கும், ஆகவே 30. இவ்வளவும் எழுதியிருந்தால் எந்தத் திருத்துநரும் கை வைக்க மாட்டார்.

வேர்நுனி, இதை விதித்தாளில் சேருங்கள்: "எண் மட்டும் எழுதிய விடைக்குப் பாதி, கணக்கு வழி காட்டிய விடைக்கு முழு மதிப்பெண்." ஆசிரியருக்கு ஒரு எண், புத்தகத்துக்கு ஒரு எண் என்ற தகராறு இதோடு தீரும்.

லேப்அண்ணன்

ரெக்கார்ட் பத்தி நான் சொல்றேங்க. மாசக் கடைசில கையெழுத்துன்னு போட்டீங்கன்னா, அதுவே காப்பியடிக்கச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி. முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல்ல ஒரே நோட்டு பத்து கை மாறும். அன்னன்னிக்கு லேப் முடியறப்பவே கையெழுத்துப் போடுங்க. பென்சில்ல, மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கிட்டே வரைஞ்ச படம், அப்சர்வேஷன் நோட்டுல. கிறுக்கலா இருந்தாலும் பரவாயில்லை. அதுல மூணு விஷயம் இருக்கணும்: எந்த ஆப்ஜெக்டிவ், எந்தச் சாயம், அந்தச் செல் எந்தக் கட்டம். வெளியிலிருந்து வர்ற எக்ஸ்டர்னல் அழகான படத்தைத்தான் பார்ப்பாரு, அதையும் மறுக்க முடியாது. அதுக்கு ரெக்கார்டோட இடது வெள்ளைப் பக்கத்துல பார்த்த படத்தை ஒட்டிட்டு, எதிர்ப்பக்கத்துல பாகம் குறிச்ச சுத்தமான படம் வரையச் சொல்லுங்க. ரெண்டும் இருந்தா யாருக்கும் பிரச்சனை இல்லை.

காப்பியடிச்சா கண்டுபிடிக்கிறது சுலபம். வெங்காய வேரோட நுனியை நசுக்கிப் பார்க்கிற ஸ்குவாஷ்ல நாலு கட்டமும் ஒரே ஃபீல்டுல, ஒரே அளவுல, சமமா வரிசையா நிக்காது. மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் தேடித்தான் பார்க்கணும். நிறைய இருக்கறது இன்டர்ஃபேஸ், அப்புறம் புரோஃபேஸ்.

தட்டுவடைசெட்

லேப்அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அப்சர்வேஷனை ரெக்கார்டில் ஒட்டினால் சில எக்ஸ்டர்னல்கள் "அடித்தல் திருத்தல்" என்று மதிப்பெண் குறைப்பார்கள். அப்சர்வேஷன் நோட்டைத் தனியாகவே வையுங்கள்; அகமதிப்பீட்டுக்கு அதைப் பார்க்கலாம். ரெக்கார்ட் வெளித்தேர்வுக்கு. எது எதற்கு என்று விதித்தாளில் ஒரு வரி போதும்.

கோரிமேட்டுக்காரர்

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு நோட்டாகப் பிரித்தால் ரெக்கார்ட் என்பது ஓவியப் போட்டி என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். எக்ஸ்டர்னல் கேட்டால் துறை பதில் சொல்லட்டும். ஆனால் எந்த வழியில் போனாலும் ஒன்றை விடக்கூடாது: படத்துக்குக் கீழே "400 மடங்கு" என்று எழுதுவது. 10 எக்ஸ் ஐபீஸும் 40 எக்ஸ் ஆப்ஜெக்டிவும் பெருக்கினால் கிடைக்கும் 400 கண்ணுக்குத் தெரியும் பிம்பத்தின் உருப்பெருக்கம். நோட்டில் வரைந்த படத்தின் உருப்பெருக்கம் வேறு. படத்தின் நீளத்தைச் செல்லின் உண்மையான நீளத்தால் வகுக்க வேண்டும். 50 மைக்ரோமீட்டர் செல்லை 10 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால் அது 2,000 மடங்கு.

உண்மையான நீளத்துக்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (அளவுகோல் பொறித்த ஸ்லைடு) இருந்தால் நல்லது. ஒரு மில்லிமீட்டரை 100 ஆகப் பிரித்த கோடுகள், ஒவ்வொன்றும் 10 மைக்ரோமீட்டர். ஐபீஸ் அளவுகோலின் 100 பிரிவு ஸ்டேஜின் 25 பிரிவோடு பொருந்தினால், ஐபீஸில் ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீட்டர். ஆப்ஜெக்டிவ் மாற்றினால் திரும்ப அளவிட வேண்டும். பக்கத்து மேசை மைக்ரோஸ்கோப்பின் எண்ணை எடுத்துப் போடக்கூடாது. மைக்ரோமீட்டர் துறைக்கு ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொரு வழி: ஐபீஸில் பொறித்திருக்கும் ஃபீல்டு எண்ணை ஆப்ஜெக்டிவ் எண்ணால் வகுக்கவும். 18 என்றால் 10 எக்ஸில் பார்வை வட்டம் 1.8 மி.மீ., 40 எக்ஸில் 0.45 மி.மீ. அந்த 450 மைக்ரோமீட்டர் குறுக்கே 9 செல் வரிசையாக நின்றால் ஒரு செல் சுமார் 50 மைக்ரோமீட்டர்.

மலைப்பாதை20

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன், தாவரவியல். மலைப்பிள்ளைகள் பற்றி ஒரு விஷயம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற பஸ் எந்த நாளில் எவ்வளவு தாமதமாகும் என்று யாரும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். "10 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் லேபுக்குள் அனுமதி இல்லை" என்று பலர் எழுதுகிறார்கள். அதை எழுதாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. லேபின் முதல் 20 நிமிடத்தில் தவறினாலும் நஷ்டமில்லாத வேலையை வையுங்கள் என்கிறேன்: லென்ஸ் துடைப்பது, ஐபீஸ் அளவீடு, சென்ற வாரக் கணக்கு. வேரை அமிலத்தில் போடுவது அதற்குப் பிறகு. பாதுகாப்பு விளக்கத்தை மட்டும் யாருக்கும் விடக்கூடாது. தாமதமாக வந்தவர் அதைக் கேட்ட பிறகே அமில பாட்டிலைத் தொடலாம்.

மேலே மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மைக்ரோஸ்கோப்பைப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். 100 எக்ஸில் எண்ணெய் போட்டவர் அன்றே லென்ஸ் தாளால் துடைக்க வேண்டும் என்பது விதித்தாளில் இருக்கட்டும். கர்ச்சீப்பால் துடைத்தால் கீறல். சைலீனில் ஊறவைத்துத் துடைத்தால் லென்ஸை ஒட்டிய பசை இளகும்.

வேர்நுனி

நன்றி. தேர்வு விதி, செய்முறை விதி, அன்றன்று கையெழுத்து மூன்றையும் மாற்றிவிட்டேன். அப்சர்வேஷன் தனியாகவா சேர்த்தா என்பதைத் துறைக் கூட்டத்துக்கு விடுகிறேன்.

அடுத்து அசைன்மென்ட். "மைட்டோகாண்ட்ரியாவின் அமைப்பும் பணியும்" என்று கொடுத்தால் ஏஐ-யிடம் வாங்கி, கையால் எழுதிக் கொண்டுவருகிறார்கள். கையெழுத்தில் வேண்டும் என்ற விதியால் இதற்குப் பயனில்லை. என்ன தலைப்பு கொடுக்கலாம்?

கோரிமேட்டுக்காரர்

தலைப்பே கொடுக்காதீர்கள், எண்களைக் கொடுங்கள். அவர்கள் ஸ்லைடில் அவர்களே எண்ணியது. உதாரணத்துக்கு 412 செல்லில் புரோஃபேஸ் 24, மெட்டாஃபேஸ் 6, அனாஃபேஸ் 3, டீலோஃபேஸ் 7. பிரியும் செல் 40, மைட்டாட்டிக் குறியீடு, அதாவது எண்ணியதில் பிரியும் செல்லின் பங்கு, 9.7 விழுக்காடு. ஒருவர் எண்ணுவது போதாது. ஆளுக்கு 200 செல் எண்ணி வகுப்பு முழுவதையும் கூட்டி, தன் எண் வகுப்புச் சராசரியிலிருந்து ஏன் விலகுகிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். நுனியை விட்டு மேல்பகுதியை நசுக்கியவனுக்குக் குறியீடு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். காரணம் அவன் மேசையில்தான் இருக்கிறது, ஏஐ-க்குத் தெரியாது. வாங்கும்போது ஆளுக்கு மூன்று நிமிடம் வாய்மொழி: "இந்த 3 அனாஃபேஸில் ஒன்றைக் காட்டு."

ஏஐ பயன்படுத்தலாமா கூடாதா என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். சொல்லின் பொருள் கேட்க, வாக்கியம் திருத்த, வாய்மொழிக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள: அனுமதி. எண், படம், விளக்கம்: அனுமதி இல்லை.

மலைப்பாதை20

இதற்கு நம் ஊரில் அருமையான இடமிருக்கிறது. ஒரே மூட்டை வெங்காயத்தில் பாதியைச் சேலத்திலும் பாதியை ஏற்காட்டிலும் வேர்விட வையுங்கள். உயரம் சுமார் 1,500 மீட்டர். குளிரில் வேர் மெதுவாக நீளும். இரண்டின் மைட்டாட்டிக் குறியீட்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

கோரிமேட்டுக்காரர்

நல்ல யோசனை, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. குளிரில் பிரிவு மெதுவாகிறது, எனவே குறியீடு குறையும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். இன்டர்ஃபேஸும் பிரிவும் ஒரே விகிதத்தில் நீண்டால் எந்த நொடியில் பார்த்தாலும் பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் பங்கு மாறாது. வேர் பாதிதான் வளர்ந்திருக்கும், குறியீடு ஏறக்குறைய அதேதான் இருக்கும். குறியீடு வேகத்தை அளப்பதில்லை. வேரின் நீளத்தையும் தினம் அளந்து சேர்த்து எழுதச் சொன்னால் அந்த வித்தியாசம் அவர்களுக்கே புலப்படும். இதைக் கண்டுபிடித்து எழுதும் பிள்ளைக்கு 5-க்கு 5 கொடுங்கள்.

அரியர்வேண்டாம்

செல்போன் தடைன்னு இருக்கே சார். ஐபீஸ்ல போன் வச்சு போட்டோ எடுத்தா, வீட்ல உட்கார்ந்து எண்ணலாமே?

தட்டுவடைசெட்

நியாயமான கேள்வி. ஒட்டுமொத்தத் தடையை எடுத்துவிடலாம். "போன் ஃப்ளைட் மோடில், மைக்ரோஸ்கோப் மேசையில் மட்டும், ஸ்லைடைப் படமெடுக்க மட்டும்" என்று போடுங்கள். படத்தில் மாணவர் எண் எழுதிய லேபிளும் ஸ்லைடோடு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒரே படம் வகுப்பு முழுக்கச் சுற்றும். கையுறையோடு போனைத் தொடக்கூடாது. கார்மின் சாயத்தின் கறை போனோடு வீட்டுக்குப் போகும், அமிலமும்தான்.

பாதுகாப்பில் இன்னும் சில. கன்னச் செல் எடுக்கும் பயிற்சியில் அவரவர் கன்னம் மட்டும். பல்குச்சி, ஸ்லைடு எல்லாம் பிளீச்சிங் கரைசலுக்குள் போக வேண்டும், குப்பைக் கூடைக்கல்ல. விருப்பமில்லாதவர் வெங்காயத் தோல் எடுக்கலாம், மதிப்பெண் குறையாது என்று எழுதுங்கள். பார் உறுப்பு (பெண்ணின் செல்லில் செயலற்றுச் சுருண்டிருக்கும் எக்ஸ் குரோமோசோம்) பார்க்கும் பயிற்சியில் தனிநபர் முடிவை வகுப்பில் சொல்ல வைக்கக்கூடாது. நிரந்தர ஸ்லைடே போதும்.

மலைப்பாதை20

குன்றல் பிரிவுக்கு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் மியோசிஸ்) வெட்டுக்கிளி விரைச் சுரப்பி என்று பழைய ரெக்கார்டுகளில் இருக்கும். கல்லூரிகளில் விலங்கு அறுவையைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் நிறுத்தச் சொல்லிவிட்டது. தோட்ட ஓரத்தில் நடும் ரியோ செடியின் மொட்டை எடுங்கள், இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்குமே, அதுதான். ஒரு எச்சரிக்கை: ரியோவின் 12 குரோமோசோமும் முதல் மெட்டாஃபேஸில் ஜோடி ஜோடியாக நிற்காமல் வளையமாகவோ சங்கிலியாகவோ கோத்துக்கொண்டு நிற்கும். குரோமோசோம்களுக்கிடையே துண்டுகள் இடம் மாறியதால் வருவது. முன்பே சொல்லாவிட்டால் ஸ்லைடு கெட்டுவிட்டது என்று கழுவிவிடுவார்கள். புத்தகப்படி ஆறு ஜோடி வரைந்திருந்தால் அது பார்த்த படமல்ல என்பதும் உடனே தெரியும்.

அதே செடியின் இலை அடித்தோல் பிளாஸ்மாலிசிஸுக்கும் (செறிந்த கரைசலில் நீர் வெளியேறிச் செல்லின் உட்பகுதி சுருங்குவது) உதவும். சர்க்கரைக் கரைசல் 0.1 முதல் 0.5 மோலார் வரை ஐந்து. 0.5-க்கு 17.1 கிராம் சுக்ரோஸைக் கொஞ்சம் நீரில் கரைத்துப் பிறகு 100 மில்லிக்குக் கொண்டுவர வேண்டும். 100 மில்லி நீரில் 17.1 கிராமைக் கொட்டினால் கன அளவு கூடிச் செறிவு குறைந்துவிடும். ஒவ்வொன்றிலும் 15 நிமிடம், 50 செல் எண்ணி, பாதிச் செல்கள் சுருங்கத் தொடங்கிய செறிவைக் குறிக்க வேண்டும்.

லேப்அண்ணன்

வேர்நுனி சார், விதித்தாளோட பின்பக்கம் காலியா இருந்தா ஸ்குவாஷ் செய்முறையை அச்சடிச்சிருங்க. ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி வருது.

வேரை ஃபிக்ஸ் பண்ண (செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்க) எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் 1 பங்கு. அன்னிக்கே கலக்கணும், நாள்பட்டா ரெண்டும் சேர்ந்து எஸ்டர் ஆயிடும். காலையில 8-லிருந்து 10-க்குள்ள வெட்டிப் போட்டு, 24 மணி நேரம் கழிச்சு 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சிரலாம். லேப் அன்னிக்கு 60 டிகிரியில 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல 5-லிருந்து 8 நிமிஷம். 1 நார்மல்னா அடர் அமிலம் 8.3 மில்லியைத் தண்ணிக்குள்ள ஊத்தி 100-க்கு கொண்டுவரணும். தண்ணியை அமிலத்துல ஊத்தவே கூடாது. நேரம் கம்மியானா செல் பிரியாது, கட்டியா நிக்கும். ஜாஸ்தியானா கூழாயிடும், சாயமும் ஏறாது. அப்புறம் நல்லா கழுவிட்டு நுனி 1, 2 மி.மீ. மட்டும் வெட்டி அசிட்டோகார்மின்ல 10 நிமிஷம். இரும்பு ஊசியால குத்திக் கலக்கினா நிறம் நல்லா ஏறும். ரொம்பக் கலக்கினா கருப்பா படியும். கவர்ஸ்லிப் போட்டு, வடிதாளை மடிச்சு வச்சு, கட்டைவிரலால நேரா அழுத்தணும். நகர்த்தினா செல் உருண்டுடும். ஸ்லைடைச் சூடு காட்டறப்ப புறங்கையில வச்சுப் பாருங்க, பொறுக்கற சூடு போதும், கொதிக்கக்கூடாது. சேலத்து வெயில்ல கால் மணியில ஓரம் காஞ்சு குமிழி வரும், அதனால எண்ணறதுக்கு முன்ன ஓரத்தை நெயில் பாலிஷால அடைச்சிருங்க.

வேர்நுனி

அப்படியே அச்சடிக்கிறேன் அண்ணா. எங்கள் லேப் திங்கள் மதியம், 40 பேர். வெங்காயம் எப்போது தண்ணீரில் வைக்க வேண்டும், எத்தனை வேண்டும்?

லேப்அண்ணன்

சனிக்கிழமை காலையில வேரை வெட்டி ஃபிக்ஸ் பண்ணணும், ஞாயித்துக்கிழமை ஆளு வரமாட்டாங்க. அதனால புதன் காலையிலயே வச்சிருங்க. சனிக்குள்ள ஒண்ணரை, ரெண்டு சென்டிமீட்டர் வந்துரும். அதுக்கு மேல நீளவிடாதீங்க. சூரமங்கலம் உழவர் சந்தையில சின்ன வெங்காயம் அரைக்கிலோ போதும், நல்லா காய்ஞ்சதா, அழுத்தினா கெட்டியா இருக்கறதா பார்த்து வாங்குங்க. புதுசா புடுங்கின வெங்காயம் சட்டுனு வேர் விடாது. அடியில காய்ஞ்ச பழைய வேரைப் பிளேடால சுரண்டிட்டு, அடி மட்டும் தண்ணியைத் தொடற மாதிரி வைக்கணும். முழுசா மூழ்கினா அழுகிடும். தண்ணியை தினம் காலையில மாத்தணும், வெயில் காலத்துல சாயங்காலமும். ஃபிக்ஸ் பண்ணினது ஞாயிறு காலையில 70-க்கு மாறணும், அன்னிக்கு முடியலைன்னா திங்கள் காலையில லேபுக்கு வந்ததும் முதல் வேலையா மாத்துங்க, ஒண்ணும் கெடாது. பாட்டில்ல தேதி, பேட்ச் ரெண்டும் பென்சில்ல எழுதி உள்ளே சீட்டு போட்டிருங்க. வெளியே பேனாவுல எழுதினா ஆல்கஹால் பட்டு அழிஞ்சிரும்.